உப்பளக் கரைப் பள்ளிகளிலிருந்து: புதிய ஆசிரியர்களுக்கான கேள்வி-பதில்

இந்த இதழுக்கான கேள்விகள் எல்லாமே மரக்காணம் வட்டாரத்திலிருந்து வந்தவை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஒரு பக்கம் உப்புப் பாத்திகள், மறுபக்கம் மீனவர் குப்பங்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளிகளில் அண்மையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டோம்.

நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டு பிள்ளைகள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். பக்கத்து வகுப்பு சார் வந்து வாசலில் நின்றால் அடங்குகிறார்கள். அவர் தலை மறைந்ததும் பழையபடி சத்தம். “பிரம்பை மேஜை மேல வையுங்க டீச்சர். அடிக்கக்கூட வேணாம், வச்சாலே போதும்” என்கிறார். வைக்கலாமா?

வைக்க வேண்டாம். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-லேயே திருத்தப்பட்டு, பிள்ளைகளுக்கு உடல் வலியோ மன வலியோ தரும் தண்டனை தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. அடிப்பது மட்டுமில்லை, மனதைத் துன்புறுத்துவதும் குற்றம். மீறினால் துறை நடவடிக்கை உண்டு. மேஜை மேல் கிடக்கும் பிரம்பு மிரட்டத்தான் கிடக்கிறது. அதைப் பிள்ளைகளும் அறிவார்கள், நீங்களும் அறிவீர்கள்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சார் வாசலில் நிற்கும்வரை அமைதி, போனதும் சத்தம். பயத்தால் வரும் அமைதிக்கு அவ்வளவுதான் ஆயுள். அது சாரோடு வந்து சாரோடு போகிறது. உங்களுக்கு வேண்டியது நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும்போதும் நிற்கிற அமைதி.

சத்தம் எப்போது பிறக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துவையுங்கள். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் பிறக்காது. பெல் அடித்து நீங்கள் வருவதற்குள், நோட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்கும்போது, முதலில் முடித்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் ஒரு பையனை நிறுத்தி ஐந்து நிமிடம் திட்டும்போது மற்ற முப்பத்தேழு பேருக்கும் வேலையில்லாமல் போகும்போது - இங்கேதான் பிறக்கிறது. அமெரிக்கரான ஜேக்கப் கூனின் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்து 1970-இல் ஒரு புத்தகம் எழுதினார். நல்ல ஒழுங்குள்ள வகுப்பு ஆசிரியருக்கும் திணறுகிற ஆசிரியருக்கும் இடையே, தப்பு நடந்த பிறகு கண்டிக்கும் முறையில் பெரிய வித்தியாசம் எதையும் அவர் காணவில்லை. வித்தியாசம் தப்பு நடப்பதற்கு முன்னால் இருந்தது. நல்ல ஆசிரியர்கள் வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று அறிந்திருந்தார்கள். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விடாமல் வகுப்பைக் கொண்டுபோனார்கள்.

ஆகவே உங்கள் முதல் பத்து நிமிடத்தைச் சரிசெய்வோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடை எடுத்துக்கொள்ளுங்கள், கஷ்டமானது அதுதான். பிள்ளைகள் தட்டைக் கழுவிவிட்டு, காலில் மணலோடு, பாதி ஓட்டத்தில் உள்ளே வருகிறார்கள். அதற்கு முன்பே நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். கரும்பலகையின் இடது மூலையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருக்க வேண்டும், நேற்றைய பாடத்திலிருந்து, இரண்டு வரியில் பதில் எழுதக்கூடியதாக. வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்புங்கள். “வணக்கம் டீச்ச்ச்சர்” என்று ராகம் இழுத்து முடித்த கையோடு எல்லோரும் நோட்டைத் திறந்து அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். நீங்கள் ஒன்றும் பேசாமல் கடைசி பெஞ்ச் வரை ஒரு சுற்று நடந்து வாருங்கள். நடந்து முடிப்பதற்குள் வகுப்பு பாடத்துக்குள் வந்திருக்கும். இதை நாளைக்கும் செய்யுங்கள், மறுநாளும் செய்யுங்கள். கேள்வி மட்டும் மாறட்டும். மூலை மாற வேண்டாம், நேரம் மாற வேண்டாம், உங்கள் முகம் மாற வேண்டாம். முதல் வாரம் சிரமமாக இருக்கும். பிறகு நீங்கள் வராத நாளில்கூட யாராவது ஒரு பெண் எழுந்து அந்த மூலையில் கேள்வி எழுதிவிடுவாள்.

குரலைப் பற்றி ஒன்று. சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டால் வகுப்பின் சத்தம்தான் ஏறும். ஓர் இடத்தில் அசையாமல் நில்லுங்கள், பாதிப் பேர் திரும்பும்வரை காத்திருங்கள், பிறகு தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். “பேசாதே, திரும்பாதே, விளையாடாதே” என்றால் அந்தப் பிள்ளை பிறகு என்னதான் செய்வது? “நோட்டை எடு. தேதி போடு” என்றால் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

கேள்வி கேட்கும்போதும் அவசரம் வேண்டாம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் கண்டார். மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், மனசுக்குள் மூன்று எண்ணுங்கள், பிறகு பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் காதை மூடிக்கொள்வார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண் தினமும் தாமதமாக வருகிறாள். பத்து நிமிடம் வெளியே நிற்க வைத்தும் மாறவில்லை. இரண்டாவது பீரியடில் தூங்கி விழுகிறாள். கேட்டால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பெற்றோர் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். எப்படித் திருத்துவது?

திருத்த வேண்டியது அவளையா என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

உப்பு வாரும் வேலை வெயில் ஏறுவதற்கு முன் முடிய வேண்டியது. ஏறிவிட்டால் வெள்ளைப் பாத்தியில் பட்டுத் திரும்பும் ஒளியில் கண் திறக்க முடியாது, உப்புத் தண்ணீரில் நிற்கும் கால் வெடித்து எரியும். அதனால் விடியும் முன்பே, இருட்டிலேயே, அப்பாவும் அம்மாவும் போய்விடுகிறார்கள். அப்பா வாரிக் கரையில் ஒதுக்குகிறார். அம்மா தலையில் சும்மாடு வைத்துக் கூடை கூடையாகச் சுமந்து குவியலில் கொட்டுகிறாள். வீட்டில் பதினொரு வயதுப் பெண் எழுந்து தண்ணீர் பிடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, தங்கைக்குத் தலை பின்னி, சின்னதை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, கடைசியாகத் தன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள். உங்கள் மாணவியின் வீட்டிலும் இதே கதைதானா என்று நான் அறியேன். ஆனால் இந்தக் கரையில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான். தம்பி, தங்கை இருவரையும் அவள் நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால் அவர்களுக்குச் சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைத்துவிடும். ஆறாம் வகுப்புக்குப் போனவளுக்கு அது இல்லை. நேற்றுவரை கிடைத்துவந்த சாப்பாடு ஜூன் மாதத்தில் நின்றுபோன பிள்ளை அவள். இரண்டாவது பீரியடில் வரும் தூக்கத்துக்குப் பசியும் காரணமாக இருக்கலாம்.

வெளியே நிற்க வைப்பதை நாளையே நிறுத்திவிடுங்கள். தாமதமாக வந்ததில் பாடம் போனது போதாதென்று இன்னும் பத்து நிமிடத்தை நாமே பறிக்கிறோம். தாமதமாக வருகிறவர்கள் உள்ளே வர ஒரு வழக்கம் வையுங்கள்: பின்கதவு வழியாக வரட்டும், உங்களைப் பார்த்துத் தலையசைக்கட்டும், உட்காரட்டும், பக்கத்தில் இருப்பவள் நோட்டைக் காட்டட்டும். பாடம் நிற்கக் கூடாது, முப்பது தலை திரும்பக் கூடாது.

பிறகு மதியம், மரத்தடியில், தனியாகப் பேசுங்கள். “ஏன் லேட்?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு அவள் ஏற்கெனவே தரையைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டாள். “காலையில எழுந்ததும் வீட்ல முதல்ல என்ன வேலைம்மா?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வேலையைச் சொன்னால் அடுத்தது தானாக வரும். தெரிந்த பிறகு செய்ய முடிவது ஏதாவது இருக்கும். காலையில் மிஞ்சும் உணவை அவளுக்குத் தரலாமா என்று ஹெச்.எம்-மிடம் பேசலாம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தம்பியைக் கூட்டி வர முடியுமா என்று கேட்கலாம். கடினமான பாடத்தை முதல் பீரியடில் வைக்காமல் நகர்த்தலாம்.

இங்கே புதிய ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மரக்காணம் கரையில் வகுப்பின் நடத்தைக்குப் பருவம் உண்டு. ஜனவரியிலிருந்து மழை தொடங்கும்வரை உப்புக் காலம். வீட்டில் காசு இருக்கும், பெரியவர்கள் இருக்க மாட்டார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள், காசு இருக்காது. அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை அரசு அறிவித்தது. வேறு வேலை தேடி வெளியூர் போகும் குடும்பங்களும் உண்டு. கடல் பக்கம் வேறு கணக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், தடை முடியும் நேரமும் பள்ளி திறக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். அப்பா மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கும் வாரத்தில் பையன் மறுபடி பள்ளிக்கு வருகிறான். ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு நாட்காட்டியை மாட்டி இதையெல்லாம் எழுதிவையுங்கள். “இந்த மாசம் ஏன் இந்தப் பிள்ளைங்க இப்படி ஆடறாங்க” என்ற கேள்விக்குப் பாதி பதில் அதில் கிடைக்கும்.

முதல் கேள்விக்கு “மாற வேண்டாம்” என்று நான் அத்தனை முறை சொன்னதற்குக் காரணமும் இதுதான். இந்தப் பிள்ளைகளின் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறும், தூங்கும் நேரம் மாறும், யார் வீட்டில் இருப்பார்கள் என்பதே மாறும். இடது மூலையில் கேள்வி இருக்கும் என்பதும், டீச்சர் நேற்று இருந்தது போலவே இன்றும் இருப்பார் என்பதும் அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காதவை.

ஒரு எச்சரிக்கை. இரக்கம் வந்த பிறகு “பாவம், உப்பளத்துப் பிள்ளை, விட்டுடுங்க” என்று வீட்டுப்பாடத்தையும் கணக்கையும் தள்ளுபடி செய்துவிடாதீர்கள். வழியைத்தான் மாற்ற வேண்டும். எழுத்தும் பின்னமும் அவளுக்கும் வந்தாக வேண்டும். சின்னதிலிருந்து ஒரு வீட்டை நடத்துகிறவளுக்குப் பின்னம் வராது என்று யார் சொன்னது?

எட்டாம் வகுப்பு மாணவன், குப்பத்துப் பையன். நோட்டை எடு என்றேன். “எடுக்க மாட்டேன், இன்னா பண்ணுவ?” என்றான். வகுப்பே சிரித்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிறார்கள்.

அனுப்ப முடியாது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. அனுப்பக் கூடாது என்பது என் சொந்தக் கருத்தும்கூட. எட்டாவதோடு வெளியே போகிற குப்பத்துப் பையன் திரும்பி வருவது அரிது.

அந்தக் காட்சியில் உங்களையும் அவனையும் தவிர இன்னும் ஒருவர் இருந்தார்: சிரித்த வகுப்பு. பதின்மூன்று வயதுப் பையன் நண்பர்கள் முன்னால் பின்வாங்க மாட்டான். நீங்கள் ஒரு அடி முன்னால் வைத்தால் அவன் இரண்டு அடி வைப்பான். அதனால் மேடையை எடுத்துவிடுங்கள். “சரி, அப்புறம் பேசுவோம்” என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். தோற்றது போல உங்களுக்குத் தோன்றும். பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்து அவன் பெஞ்சைக் கடக்கும்போது நோட்டைத் திறந்து அவன் முன்னால் வைத்துவிட்டு நிற்காமல் நடந்துபோங்கள். பாதி நேரம் எழுதத் தொடங்கிவிடுவான்.

“அப்புறம்” என்று சொன்னது கண்டிப்பாக நடக்க வேண்டும். அன்றே, பள்ளி விட்டதும், அவனை எதிரில் நிறுத்தாமல் பக்கத்தில் நடந்தபடி பேசுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: “நீ அப்படிச் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. பாடமும் நின்னுபோச்சு.” அவன் பக்கத்தைக் கேளுங்கள். பிறகு, அவன் எதைக் கெடுத்தானோ அதைச் சரிசெய்ய ஒரு வேலை கொடுங்கள். விட்டுப்போன பாடத்தை மறுநாள் மதியம் உங்களோடு உட்கார்ந்து முடிக்கட்டும். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. அடுத்த வாரம் வேறு சண்டையில் பழசை இழுக்காதீர்கள்.

வீட்டாரை எப்படி அழைக்கிறோம் என்பதும் முக்கியம். “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா” என்றால் இந்தக் கரையில் யார் வருவார்? அப்பா விடியற்காலம் கடலில் இருப்பார், கரை ஏறிய பிறகு தூங்குவார். அம்மா மீன் கூடையோடு சந்தையில் இருப்பாள். பெரும்பாலும் யாரும் வர மாட்டார்கள், நாமும் “பெத்தவங்களுக்கு அக்கறையில்லை” என்று எழுதிவைத்துவிடுவோம். ஒரு மாலையில் நீங்களே குப்பத்துக்குப் போய் வாருங்கள், தனியாக வேண்டாம், கூட வேலை செய்பவர் யாரையாவது அழைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை புகார் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். “உங்க பையன் படம் நல்லா போடறான், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்று ஒரு நல்ல சொல்லோடு, அது உண்மையாகவும் இருக்க வேண்டும், போய்விட்டு வாருங்கள். இரண்டாம் தடவை போகும்போது கஷ்டத்தைச் சொன்னால் அந்த வீடு உங்களோடு நிற்கும்.

அந்தப் பையனை வலை பின்னும்போது பார்த்திருக்கிறீர்களா? பெரியவர்களோடு படகைத் தள்ளுகிறான், ஏலத்தில் பணம் எண்ணுகிறான். காலையில் ஆள் என்று நடத்தப்பட்டவன் ஒன்பதரை மணிக்கு “வாயில விரல் வை” என்ற அதட்டலைக் கேட்கிறான். கோபம் வராதா? அவனுக்குப் பெரியவர்களுக்குரிய வேலை ஒன்று கொடுங்கள். காற்றும் அழுத்தமும் பாடம் வரும்போது வாடைக் காற்றையும் கச்சானையும் கடலில் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று அவனிடம் கேளுங்கள், கரும்பலகையில் படம் போட்டு அவன் விளக்கட்டும். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏறுவதை உங்கள் புத்தகத்தைவிட அவன் நன்றாக அறிவான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். முரட்டுத்தனத்தோடு உடம்பில் காயங்கள் தெரிந்தால், திடீரென்று பேச்சே நின்றுபோனால், வீட்டுக்குப் போகவே பயந்தால், அதை நடத்தைப் பிரச்சினை என்று நீங்கள் தனியாகக் கையாளாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

லீடர் கரும்பலகையில் “பேசியவர்கள்” பட்டியல் எழுதுகிறான். வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது லீடரோடு யாரும் விளையாடுவதில்லை.

அவனை நாம் வேவு பார்க்க வைத்துவிட்டோம், பிள்ளைகள் அதற்கேற்ப அவனை நடத்துகிறார்கள். சிநேகிதன் பெயர் அந்தப் பட்டியலில் வராது, பிடிக்காதவன் பெயர் பேசாமலே வரும். பட்டியலை அழித்துவிடுங்கள். லீடரை வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவனைக் கொண்டு வகுப்பை நடத்தும் வழக்கத்துக்கு நம் மண்ணில் பழைய வேர் இருக்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான். கோதண்டத்தில் தொங்கவிடும் கொடுமையெல்லாம் அங்கே இருந்தது, அதை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால் சட்டாம்பிள்ளை வாத்தியார் வருமுன் சின்னவர்களை உட்கார வைத்துப் பாடமும் சொல்லித் தந்தான். 1789-இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர். நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியில் அதைச் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் இசையவில்லை. ஜானி ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு மணலில் எழுத்துச் சொல்லிக்கொடு என்றார். அவன் செய்து காட்டினான். பெல் ஊர் திரும்பி 1797-இல் இதை அச்சிட்டார். “மெட்ராஸ் முறை” என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

எட்டு வயது ஜானியின் கையில் மணல் இருந்தது, பெயர்ப் பட்டியல் இல்லை. உங்கள் லீடருக்கும் அப்படி ஒரு வேலை கொடுங்கள். நேற்று வராதவனுக்குப் பாடம் சொல்வது, நோட்டு விநியோகிப்பது, நீங்கள் வருமுன் கேள்வியை எழுதிவைப்பது. அதையும் ஒருவனிடமே ஆண்டு முழுக்க விடாதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றட்டும். பெண் பிள்ளைகளும், கடைசி பெஞ்சும், எந்தத் தெருப் பிள்ளையும் விடுபடாமல். பெருக்குவதும் தண்ணீர் எடுத்துவருவதும் எப்போதும் யார் தலையில் விழுகிறது என்று ஒரு தடவை பாருங்கள். ஒரே தெருப் பிள்ளைகள் மேல் விழுந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

இரண்டு பேர் செய்த சேட்டைக்கு வகுப்பு முழுவதுக்கும் விளையாட்டுப் பீரியடை ரத்து செய்யலாமா?

கூடாது. செய்யாத மற்ற எல்லோருக்கும் அநியாயம் நடக்கிறது, அதை அவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த இருவருக்கோ விளையாட்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம், ஒரே அறையில். இரண்டாம் வகுப்பைப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பு எழுந்து ஓடுகிறது. “டீச்சர், இவன் கிள்றான்”, “டீச்சர், ஒண்ணுக்கு” - நாள் முழுக்க இதுதான்.

சின்னப் பிள்ளைகள் சேட்டை செய்வது காத்திருக்கும் நேரத்தில். உங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாதபடி அறையை அமைக்க வேண்டும்.

“எண்ணும் எழுத்தும்” பயிற்சியில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். பதிவேட்டுக்காக மட்டும் அதை வைத்துக்கொள்ளாமல் அறையையே அப்படி மூன்று பாயாகப் பிரித்துவிடுங்கள். வகுப்பு எதுவாக இருந்தாலும் நிலைப்படி உட்காரட்டும். ஒரு பாயில் நீங்கள் கற்பிப்பீர்கள், இன்னொன்றில் எழுத்து வேலை, மூன்றாவதில் கைவேலை. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நீங்கள் நகருங்கள், பிள்ளைகள் நகர வேண்டாம். கைவேலைப் பாய்க்குப் பக்கத்தில் திறந்த பெட்டி ஒன்று: கரையில் பொறுக்கிய கிளிஞ்சல், புளியங்கொட்டை, எழுத்து அட்டை. கிளிஞ்சலைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைக்கிற பிள்ளைக்குப் பக்கத்தவனைக் கிள்ள நேரமிருக்காது. “ஒண்ணுக்கு” என்று கேட்கவே வேண்டாம். வாசலில் ஆணியடித்து இரண்டு அட்டை தொங்கவிடுங்கள். எடுத்து மாட்டிக்கொண்டு போகட்டும், வந்து திருப்பித் தொங்கவிடட்டும். அட்டை இல்லையென்றால் யாரோ வெளியே இருக்கிறார்கள், காத்திருக்க வேண்டும். மூன்று நாளில் பழகிவிடுவார்கள்.

உதவிக்கு ஆள் தேடும்போது உங்கள் ஊரையே பாருங்கள். 2021 அக்டோபர் 27-ஆம் தேதி இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பை மாலை நேரத்தில் வீட்டுத் திண்ணையிலும் மரத்தடியிலும் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர்கள் இந்தக் குப்பங்களிலேயே இருக்கிறார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். எந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை, எவன் பாட்டி வீட்டில் இருக்கிறான், யாருக்கு எழுத்து வரும் ஆனால் வாய் வராது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்த ஆசிரியை ஒரு வருடத்தில் அறிந்துகொள்வதை அவர்கள் ஒரு மாலையில் சொல்லிவிடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அவர்களை அழையுங்கள்.

புயல், மழை விடுமுறை முடிந்து வந்தால் பிள்ளைகள் வேறு ஆட்களாக வருகிறார்கள். ஒன்று அடித்துக்கொள்கிறார்கள், இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். விட்டுப்போன பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் வேறு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது உங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்கள் மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்த பிள்ளை, முகாமில் பெரியவர்கள் நடுவே தூங்கிய பிள்ளை, திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்காருகிறது. சின்ன உரசலுக்கும் கை ஓங்குவது, எழுதாமல் வெறித்துப் பார்ப்பது இரண்டும் அந்த நாட்களின் மிச்சம்தான். மேலும் மேலும் கண்டித்தால் அது கூடும்.

முதல் இரண்டு மூன்று நாள் பாடத்தைத் துரத்தாதீர்கள். ஆனால் ஒழுங்கைத் தளர்த்தவும் வேண்டாம். அதே இடம், அதே வருகைப் பதிவு, அதே இடது மூலைக் கேள்வி. கேள்வி மட்டும் எளிதாக இருக்கட்டும்: “உங்க தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? கோடு போட்டுக் காட்டு.” வரைய விரும்புகிறவர்கள் வரையட்டும், சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும், பேசாதவர்களைப் பேச வைக்க வேண்டாம். ஏழாம் வகுப்பு என்றால் மழை அளவைக் கணக்காக்கலாம்: ஐம்பது சென்டிமீட்டர் தண்ணீர் இந்த அறையில் நின்றால் எத்தனை லிட்டர்? அடித்துக்கொள்கிற இருவரை வேறு வேறு வேலைக்குப் பிரித்து அனுப்புங்கள். விசாரணை மாலையில் போதும். தேர்வு இருந்தால் ஒரு வாரம் தள்ள முடியுமா என்று ஹெச்.எம்-மிடம் கேளுங்கள்.

நோட்டு எங்கே என்று கேட்டு யாரையும் நிறுத்த வேண்டாம். முதல் நாள் மதியமே ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டு, யாருக்குப் புத்தகம் போனது, யாருக்குப் பை போனது, யாருக்குச் சீருடை போனது என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியலைத் தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு அன்றே அனுப்பிவிட்டு, மாற்றுப் புத்தகம் வரும்வரை இரண்டு பேருக்கு ஒரு புத்தகம் என்று உட்கார வையுங்கள்.